ஏழு முத்திரை இருந்தும் என்ன?

தமிழகத்தில் தலைநகரம் என்று பெயரெடுத்த ஊர் எதுவானாலும் கையில் ஒரு சின்னத்தோடுதான் சரித்திரத்துக்குள் நுழையும். மதுரைக்கு மீன், உறையூருக்குப் புலி, வஞ்சிக்கு வில். மூன்று ராஜா, மூன்று படம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட ‘பொருத்துக’வில் மார்க் வாங்கிவிடும். இன்றைக்கு பஸ் போர்டில் தர்மபுரி என்று எழுதியிருக்கும் தகடூரும் ஒரு காலத்தில் தலைநகரம்தான். அதியமான் நெடுமான் அஞ்சி உட்கார்ந்து ஆண்ட ஊர். அவனுக்கு என்ன சின்னம்?

ஏழு சின்னம் என்கிறார் ஔவையார், புறநானூற்றின் 99ஆம் பாட்டில். மூவேந்தரும் ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ள, இந்த மலைநாட்டுக் குறுநில மன்னனுக்கு மட்டும் ஏழு பொறி! அதுவும் அவன் சம்பாதித்ததில்லை, பரம்பரைச் சொத்து. சரி, என்னென்ன ஏழு? அதைத்தான் ஔவை சொல்லவில்லை. பழைய உரைகாரரும் ‘ஏழிலாஞ்சனை’ என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். யானையா, வேலா, பலாப்பழமா என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். அரசாங்க முத்திரையைப் பற்றிய குறிப்பைக் கவிஞர்களிடம் விட்டால் இந்தக் கதிதான்.

ஏழு முத்திரை இருந்தும் ஆளுக்குத் திருப்தி வரவில்லை என்று அதே பாட்டு குறைப்பட்டுக்கொள்வது போலப் புகழ்கிறது. ஏழு பேரோடு மல்லுக்கு நின்று ஜெயித்தானாம். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது, முத்திரைக்கு ஒரு எதிரி. அதோடு நிற்காமல் கோவலூருக்குப் போய் அதையும் அடித்து நொறுக்கினான். அந்த வெற்றியைப் பரணர் பாடினார் என்பதையும் ஔவையே சொல்லிவிடுகிறார். 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் ஒரு தமிழி கல்வெட்டு அகப்பட்டது. சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி இங்கே பள்ளி கொடுத்தான் என்கிறது. அடித்த ஊருக்குப் பக்கத்திலேயே துறவிகளுக்குப் படுக்க இடம் கொடுத்திருக்கிறான். அந்தப் பாறையிலாவது ஏழில் ஒன்றைச் செதுக்கி வைத்திருக்கலாம். பெயரை மட்டும் வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

போருக்குப் போகும்போது தலையில் என்ன சூடினான் என்பதில் மட்டும் ஔவைக்கு ஞாபகம் தெளிவு. வெட்சி, வேங்கை, கூடவே பனையின் வெண்தோடு. அந்தக் கோலத்தில் சண்டையை முடித்து, புதிதாய்ப் பிறந்த மகனைப் பார்க்க வந்து நிற்கிறான்; கண் சிவப்பு இன்னும் ஆறவில்லை. பச்சைக் குழந்தை என்ன நினைத்ததோ! நமக்கு இங்கே முக்கியம் அந்தப் பனை. தொல்காப்பியத்தைப் புரட்டினால் போந்தை சேரனுக்கு உரிய பூ. ஆக, வீட்டில் ஏழு முத்திரை அடுக்கி வைத்திருந்தவன் தலையில் வைத்துக்கொண்டது சேரன் வீட்டுப் பூ. காரணம் எளிது. இருவரும் ஒரே குடும்பம். ஆயிரம் வருஷம் கழித்தும் இந்த வம்சத்தில் வந்த விடுகாதழகிய பெருமாள், போளூர்ப் பக்கம் திருமலையில் கல்வெட்டு வெட்டி, தம் முன்னோன் எழினி சேர வம்சத்தவன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பங்காளி என்றால் அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையோடு வந்து தகடூர்க் கோட்டையை உடைத்தான். உடைத்த ஊரின் பெயரையே பட்டமாக்கி, தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை என்று பெயருக்கு முன்னால் மாட்டிக்கொண்டான். அவனைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர் அரிசில்கிழார். கூலி சாதாரணமில்லை: ஒன்பது நூறாயிரம் காணம், மேலே சிம்மாசனமும். சிம்மாசனம் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அமைச்சர் பதவியை வாங்கிக்கொண்டார், விவரமான மனிதர். இதே அரிசில்கிழார்தான், தகடூர்ப் போரில் விழுந்த அதியமான் எழினிக்காகப் புறநானூற்றில் கையறுநிலையும் பாடியிருக்கிறார். அதில் கூற்றுவனைப் பிடித்து விளாசுகிறார். விதை நெல்லைத் தின்ற குடியானவன் மாதிரி, உனக்குத் தீனி போடுகிறவனையே தின்றுவிட்டாயே என்று. சேரனைப் பற்றி மூச்சு இல்லை. எமன் காணம் கொடுக்கிறவன் இல்லை பாருங்கள்.

இந்தப் போரை வைத்தே ‘தகடூர் யாத்திரை’ என்று ஒரு நூல் இருந்தது. அதிலாவது ஏழு பொறியின் விவரம் இருந்திருக்கலாம். முழு நூல் தொலைந்துபோய், புறத்திரட்டிலும் உரைகளிலும் சில பாட்டுகள்தான் மிச்சம். தகடூர்க்காரர்களின் அதிர்ஷ்டமே இப்படித்தான்.

அதற்குப் பிறகு இந்த ஊர்மேல் விழுந்த முத்திரை எல்லாமே அடுத்த வீட்டுச் சரக்கு. கங்கர், நுளம்பர், சோழர், ஹொய்சளர் என்று வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு குத்து குத்தினார்கள். அவர்களைத் தாண்டிவிடுவோம். திப்பு சுல்தான் காலத்தில் சிப்பாயின் சட்டையிலிருந்து சிம்மாசனம்வரை புலி. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் இந்த ஊரும் சேர்ந்த பாராமகால் கைமாறியதும் புலி போய்க் கும்பினியின் சிங்கம் வந்தது. அந்தச் சின்னத்தின் உச்சியில் ஒரு சிங்கம் கிரீடத்தை முன்னங்காலில் தூக்கிப் பிடித்து நிற்கும். பார்த்தவர்கள் அதற்கு ‘பூனையும் சீஸும்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பூனையின் சார்பாக, கேப்டன் ரீடுக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ, தர்மபுரியில் தோட்டம் போட்டுக் குடியிருந்து, வயல் வயலாக அளந்து வரி போட்டார். 1799இல் கிளம்பும்போது தோட்டத்தை விட்டுப் போக மனசே வரவில்லையாம். வரி கட்டியவர்களுக்கு அப்படி ஒன்றும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது கலெக்டர் ஆபீஸ் கடிதத்தைக் கையில் எடுங்கள். மேலே ஒரு கோபுரம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று ஒரு கட்சி, மதுரை மேலைக் கோபுரம் என்று இன்னொரு கட்சி. எந்தக் கட்சி ஜெயித்தாலும் பாண்டியன் வீட்டுக் கோபுரம்தான். அடுத்து அசோகரின் சிங்கங்கள். அசோகர் தன் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியரோடு, ஜம்பைப் பாறையில் பார்த்தோமே, அந்தச் சதியபுதோக்களையும் சேர்த்து, தன் எல்லைக்கு அப்பால் இருக்கிறவர்கள் என்று ஒதுக்கித்தான் எழுதினார். மனிதருக்கும் மாட்டுக்கும் வைத்தியம் செய்ய ஏற்பாடு பண்ணினாரே தவிர, படையோடு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அப்படி அவர் தொடாமல் விட்ட ஊருக்கு, இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து, அவருடைய சிங்கங்கள் ரப்பர் ஸ்டாம்பில் ஏறி வந்து சேர்ந்துவிட்டன.

மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு சின்னம் வரையலாம் என்று நாளைக்கு யாராவது கமிட்டி போட்டால், முதல் கூட்டத்திலேயே, அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியை மேஜைமேல் வைப்பார்கள். அதியமான்கோட்டையில் அரசாங்கம் எழுப்பிய கோட்டம் இருக்கிறது, சினிமா இருக்கிறது, பாடப்புத்தகம் இருக்கிறது. பன்னிரண்டு ஓட்டாவது நிச்சயம். என் ஓட்டு அதற்கு இல்லை. நெல்லிக்கனி ஒன்றே ஒன்று, அதையும் ஔவை தின்று தீர்த்தாகிவிட்டது.

ஏழு பொறியைச் சொன்ன அதே 99ஆம் பாட்டு இன்னொன்றும் சொல்கிறது: கிடைப்பதற்கு அரிய கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர்கள். பாலக்கோட்டிலும் அரூர் அருகே கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் நிற்கின்றன. சேரனிடம் இரவல் வாங்காத, பாண்டியனிடம் கேட்காத, பாட்டிலேயே சாட்சி உள்ள ஒரே பொருள் அதுதான். கமிட்டிக்காரர்களே, கரும்பைப் போடுங்கள்.