பத்து நிமிடப் பேச்சு, பன்னிரண்டு நிமிடக் கணக்கு

தொண்ணூறுகளின் இறுதியில் கனடாவில் ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்க, ஊருக்குக் கதைக்கும் போன் கார்ட்டுகள் தொங்கும். மரக்கறியோடு ஐந்து டொலர் கார்ட் ஒன்றும் வாங்குவோம். "அண்ணை, இந்தக் கிழமை எது நல்லாப் பிடிக்குது?" என்று கேட்டால் கடைக்காரர் ஒன்றை உருவித் தருவார். வெள்ளிப் பூச்சைச் சுரண்டி இலக்கங்களை அழுத்தினால், இத்தனை நிமிடம் பேசலாம் என்று பதிவுக்குரல் சொல்லும்.

கார்ட்டை அச்சிட்டவர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு கேபிள்கூடக் கிடையாது. பெரிய நிறுவனங்களிடம் நிமிடங்களை மொத்தமாக வாங்கி, விநியோகஸ்தர், கடைக்காரர் என்று கைமாற்றி விற்றார்கள். அதில் பிழையில்லை, அவர்களுக்கிடையிலான போட்டியாலும் ஊருக்குப் பேசும் செலவு இறங்கியது. பிழை கணக்கில் இருந்தது. அழைப்பு பிடித்தவுடன் இணைப்புக் கட்டணம் என்று ஒரு தொகை போகும். சில கார்ட்டுகள் மூன்று மூன்று நிமிடமாகத்தான் வெட்டும். பத்து நிமிடம் ஒரு விநாடி பேசினால் பன்னிரண்டு நிமிடம் போய்விடும். மிச்சத்தை வைத்திருந்தால் பராமரிப்புக் கட்டணம் அதைக் கிழமை கிழமையாகத் தின்னும். பதிவுக்குரல் சொன்ன நிமிடங்கள் முழுவதும் கிடைக்க வேண்டுமென்றால் ஒரே மூச்சில் பேசி முடிக்க வேண்டும்.

ஒரே மூச்சில் பேச யாரால் முடிந்தது? இலங்கையில் போர்க்காலம், வன்னியில் வீடுகளுக்குத் தொலைபேசி இல்லை. வவுனியாவில் ஒரு கொமினிகேஷனுக்கு, அதாவது தொலைபேசிக் கடைக்கு, அம்மா வந்து காத்திருப்பா. உள்ளே வரும் அழைப்புக்கும் அங்கே நிமிடக் கணக்கில் காசு. வந்திட்டாவோ என்று கேட்க ஓர் அழைப்பு, கூப்பிட்டுத் தரும்படி இன்னொன்று, லைன் அறுந்தால் மறுபடியும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இணைப்புக் கட்டணம். உயிரோடு இருக்கிறார்களா என்று மட்டும் கேட்க எடுத்தவர்கள்தான் நிமிடத்துக்கு ஆகக்கூடிய விலை கொடுத்தார்கள். இதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

2015இல் வட்ஸ்அப்பில் குரல் அழைப்பு வந்தது, அடுத்த வருடம் வீடியோ. இப்போது தங்கச்சி கிளிநொச்சியில் சமைத்து முடியும்வரை போனைச் சாத்தி வைத்துவிட்டுக் கதைக்கிறாள். நான் பாதி நேரம் பேசுவதே இல்லை. அதற்கும் காசில்லை.

ஆனால் அந்தப் பழைய கணக்கு இன்னும் தீரவில்லை. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2008இல் இத்தகைய கார்ட் விற்பனையாளர்கள் சிலர்மீது வழக்குத் தொடுத்தது. ஒரு வழக்கில், சோதித்த கார்ட்டுகள் வாக்களித்த நிமிடங்களில் ஏறக்குறையப் பாதியையே கொடுத்திருந்தன. எங்களிடம் அப்படியொரு கணக்கு இல்லை. தொலைபேசி நிறுவனம் என்றால் மாதாமாதம் பில் அனுப்பும். கார்ட்டுக்குப் பில் இல்லை, கடையில் கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டும் இல்லை. வவுனியாவில் அம்மா காத்திருந்த நாட்களில் எங்களிடமிருந்து எவ்வளவு வெட்டினார்கள் என்று காட்ட எந்தக் கடதாசியும் எங்கள் கையில் இல்லை.