ஸீட் சாஸ்திரக்ஞர்

ஸைக்கிள் வைத்திருப்பவர்கள் ஊரிலே ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் அதன் ஆசனத்தைச் சீர்திருத்துவதையே ஜன்ம சாபல்யமாகக் கருதும் மகானுபாவர் தெருவுக்கு ஒருவர்தான் இருப்பார். மாலையில் ஆபீஸிலிருந்து திரும்பி, அங்கவஸ்திரத்தை ஆணியில் மாட்டிவிட்டு, வாசலில் வண்டியை ஸ்டாண்டிட்டு நிறுத்தி, ஸ்பானரும் கையுமாக அவர் குந்திவிட்டாரானால், விளக்கு வைத்த பிறகும் எழுந்திருக்க மாட்டார்.

அவருடைய சித்தாந்தத்தில் தோஷம் கற்பிக்க என்னால் ஆகாது. பெடல் அடிமட்டத்துக்கு வந்திருக்கையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் சற்றே மடிப்பு மிஞ்ச வேண்டும் என்பார், மெத்தச் சரி. ஆசனம் அதிகம் உயர்ந்தால் இடுப்பு இரு பக்கமும் ஆடும், தாழ்ந்தால் முழங்கால் நோகும், மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்தால் தேகபாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கும் என்பார், அவையும் சரியே. அடுத்த வீட்டில் சுவர் எழுப்பும் கொத்தனாரிடம் ரசமட்டத்தை இரவல் வாங்கி ஆசனத்தின்மீது வைத்துப் பார்ப்பதைக்கூட நான் ஆட்சேபிக்கவில்லை. (கொத்தனார் ஆட்சேபித்தார்; அது வேறு விஷயம்.) உயரம், முன்பின் நகர்வு, சாய்வு ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, மறுநாள் முதுகு வலித்தால் குற்றவாளி மூவரில் யாரென்று அறியாமல் மூவரையும் தண்டிக்கிறாரே, அதுதான் எனக்குச் சகிக்கவில்லை.

போதாக்குறைக்கு அவர் வண்டியில் இப்போது ஏறியிருப்பது பிரூக்ஸ் தோல் ஆசனம். குதிரைச் சேணம் முதலிய தோல் சாமான்கள் செய்ய 1866-ல் பர்மிங்ஹாமில் தோன்றிய அந்தக் கம்பெனியாரின் தோல், புதிதில் பலகைபோல் விறைத்துத்தான் இருக்கும். உடையவன் மாதக்கணக்கில் ஏறி மிதிக்க மிதிக்க, அவனுடைய சரீரத்துக்கேற்பக் குழிந்து இளகிக் கொடுக்கும். நம் சாஸ்திரக்ஞரோ, ஆசனம் பக்குவப்பட்டாலொழியச் சவாரி இல்லை என்று விரதம் பூண்டு, ஆபீஸுக்குப் பஸ்ஸில் போகிறார்.

சென்ற ஞாயிறன்று, அவர் தூங்கும் சமயம் பார்த்து அவருடைய மைத்துனன் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு கத்தரிக்காய் வாங்கப் போய்விட்டான். அவரைவிட அரை முழம் குட்டை. திரும்பி வந்தவன், "அத்தான், ஸீட்டு வெகு சௌகரியம்! கால் கச்சிதமாக எட்டுகிறது" என்றான்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. கத்தரிக்காயைக்கூடக் கீழே வைக்க விடாமல், பையனை மறுபடியும் வண்டியில் ஏற்றிச் சுவரைப் பிடித்துக்கொள்ளச் செய்து, அவன் முழங்காலிலிருந்து பெடலின் அச்சுக்குத் தூக்குக்குண்டைத் தொங்கவிட ஆரம்பித்தார்.