நாலு வாட் நாட்டாமை

அமெரிக்காவில் லாரி ஓட்ட வந்த புதியவன், எந்தக் கம்பெனியில் சேரலாம் என்று கேட்டால் ‘உன் இஷ்டம்ப்பா’ என்று நகர்ந்துவிடுவார்கள். வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ள எந்த சி.பி. ரேடியோ வாங்கலாம் என்று கேட்டால் தொலைந்தான். டிரக் ஸ்டாப்பில் காபிக்கு நிற்பவர், குளிக்கத் துண்டும் கையுமாகக் காத்திருப்பவர், டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர் என்று சகலரும் போட்டது போட்டபடி வந்துவிடுவார்கள். எனக்குப் பயிற்சி கொடுத்த பெரியவர் கோப்ரா 29 கட்சி. அவருக்கு மனைவி இரண்டு முறை மாறியாயிற்று, ரேடியோ மாறவில்லை. பக்கத்து மேஜைக்காரர் யூனிடென் கட்சி. இருவரும் முட்டிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞன், “இந்தக் காலத்துல எவன் சி.பி. வெச்சிருக்கான்?” என்று கேட்டுத் தொலைத்தான். அடித்துக்கொண்டிருந்த இரண்டு கட்சியும் அந்த நொடியே கூட்டணி.

வீட்டில் மனைவிக்கும் அதே கேள்விதான். “ஏங்க, கையில ஃபோன் இருக்கு, ஃபோன்ல மேப் இருக்கு. இதுக்கு வேற தனியா ஒரு செலவா?”

நியாயமான கேள்வி. நானும் சட்டத்தைத் துணைக்கு இழுத்தேன். 2012 முதல் இங்கே லாரி டிரைவர் வண்டி ஓட்டும்போது ஃபோனைக் கையில் பிடித்துப் பேசக் கூடாது என்று மத்திய அரசின் விதி. ஆனால் அந்த விதியில் சி.பி. ரேடியோ சேராது. சுருட்டை வயர் தொங்கும் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊர்வம்பு முழுக்கப் பேசலாம். “அப்போ வம்பு பேசத்தான் வாங்குறீங்க” என்றாள். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.

உண்மையான காரணம் வேறு. எனக்கு அரை மைல் முன்னால் போகிற டிரைவரின் பெயர் எனக்குத் தெரியாது, நம்பர் தெரியாது. ஆனால் ரோட்டின் நடுவே கிழிந்து கிடக்கும் டயரை முதலில் பார்க்கப் போவது அவர்தான். லாரிக்காரர்கள் கூடும் 19-ஆம் சேனலில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் என் பம்பர் பிழைக்கும். இந்தப் பழக்கம் பரவியதே ஒரு தட்டுப்பாட்டில்தான். 1973-இல் எண்ணெய் நெருக்கடி. டீசல் எங்கே கிடைக்கும் என்று கேட்கவும், அடுத்த ஆண்டு வந்த மணிக்கு 55 மைல் கட்டுப்பாட்டுக்குப் பிறகு போலீஸ் எங்கே பதுங்கியிருக்கிறது என்று சொல்லவும் டிரைவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் ஊரே பிடித்துக்கொண்டது. ஜனாதிபதி ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுகூட ‘ஃபர்ஸ்ட் மாமா’ என்ற பட்டப்பெயரில் பேசினார். மாமியார் ஸ்தானத்தில் இருக்க வேண்டிய அம்மையார் மாமாவாகிவிட்டாரே என்று பதற வேண்டாம், அங்கே மாமா என்றால் அம்மா.

சரி, எதை வாங்குவது? இங்கேதான் வேடிக்கை. ஏ.எம். முறையில் சட்டம் அனுமதிக்கும் சக்தி வெறும் 4 வாட். மலிவான டப்பாவும் 4 வாட்தான், விமானத்தின் காக்பிட்டிலிருந்து பிடுங்கி வந்ததுபோல் மினுங்குவதும் 4 வாட்தான். கூடுதல் காசு குரோம் பூச்சுக்கும், நீலம் பச்சை விளக்குக்கும், ஏகப்பட்ட குமிழுக்கும் போகிறது. இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் வேண்டும். எஞ்சின் சத்தத்தை வடிகட்டும் நாய்ஸ் பிளாங்கர் வேண்டும். வானிலை அறிவிப்பு கேட்டால் உத்தமம். எக்கோ மட்டும் எதற்கென்று எனக்குப் புரிந்ததே இல்லை. அதை முழுக்கத் திருகிவிட்டு ஒருவர் பேசினால், திருவிழா மேடையில் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ சொல்கிறவர் நெப்ராஸ்கா வரை வந்துவிட்டார் என்றே தோன்றும்.

சி.பி. கடைக்காரரிடம் 4 வாட் என்று வாயெடுத்தால் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். குரலைத் தாழ்த்தி, “டிரைவர், ஒரு சின்னப் பெட்டி இருக்கு, சேர்த்து மாட்டினா ஊரே கேக்கும்” என்பார். அது ஆம்ப்ளிஃபயர், சட்டவிரோதம். இருந்தும் நாட்டில் அதற்குக் குறைவில்லை. சி.பி. ஓடும் 27 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு வேறு ஒரு குணம் உண்டு: சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில் வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் தெறித்து ஆயிரம் மைலுக்கு அப்பால் போய் விழும். ஆகவே பக்கத்து லேன்காரர் ‘உன் டிரெய்லர் கதவு திறந்திருக்கு’ என்று கத்துவது காதில் விழாது. எங்கோ வீட்டில் உட்கார்ந்து தன் பெருமையை அறிவித்துக்கொண்டிருப்பவர் மட்டும் கணீரென்று கேட்பார்.

காசைக் கொட்ட வேண்டிய இடம் ஆன்டெனா. இதை எவரும் முதலில் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் ஆன்டெனாவில் விளக்கு எரியாது. நல்ல ஆன்டெனாவுக்கு அலையின் கால்பங்கு நீளம் வேண்டும்; அது ஏறத்தாழ ஒன்பது அடி. பதிமூன்றரை அடி உயரத்துக்குள் ஓட வேண்டிய லாரியில் அதை நட்டுக்கொண்டு பாலத்துக்கடியில் போக முடியாது. எனவே கம்பியைச் சுற்றிச் சுருக்கிய நாலடிக் குச்சியைப் பக்கக் கண்ணாடியின் தண்டில் மாட்டுகிறோம். அப்புறம், ஆன்டெனா ரேடியோவோடு ஒத்துப்போகிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். முள் 1.5-க்குக் கீழே நின்றால் நிம்மதி, 3-ஐத் தாண்டினால் ரேடியோவே புகைந்துவிடலாம். முதல் சேனலான 1-இல் ஒரு அளவு, கடைசியான 40-இல் ஒரு அளவு எடுக்க வேண்டும். 40-இல் கூடினால் குச்சி நீளம், 1-இல் கூடினால் குட்டை. பெரியவர் சின்ன ஆலன் சாவியால் நுனியை ஒரு முடியளவு இறக்குவார், கேபினில் ஏறிக் கதவைச் சாத்துவார், மைக்கை அழுத்துவார், முள்ளை முறைப்பார், இறங்குவார். மறுபடி ஒரு முடியளவு. கதவு திறந்திருந்தால் அளவு பொய் சொல்லும் என்று எனக்கு வெளியே நிற்கத்தான் அனுமதி. வெளியே குளிர்.

வாங்கி மாட்டிய பிறகு 19-ஆம் சேனலில் கேட்பதில் பாதி அரசியல், மீதி கெட்ட வார்த்தை. ஆனால் வயோமிங்கில் லாரமி தாண்டி எல்க் மவுண்டன் பக்கம் பனிக்காற்று வீசும் நாளில், சற்றுமுன் யாரோ ஒருவரின் வம்சத்தையே இழுத்துத் திட்டிய அதே வாய், “மேற்கே போறவங்க வேகத்தைக் குறைங்க, ரெண்டு வண்டி குறுக்கே நிக்குது, வலது பக்கம் வாங்க” என்று நிதானமாகச் சொல்லும். திட்டு வாங்கியவரும் “நன்றி டிரைவர்” என்பார்.

கடைசியாகப் பட்டப்பெயர். அது இல்லாமல் அங்கே வாயைத் திறக்க முடியாது. சொந்தப் பெயரைச் சொன்னேன், மூன்று பேர் மூன்று விதமாகக் கொன்றார்கள். ஊர் எது என்றார் பெரியவர். நாமக்கல் என்றேன். அங்கே என்ன விசேஷம்? லாரியும் முட்டையும். லாரியை விட்டுவிட்டு முட்டையைப் பிடித்துக்கொண்டார். அன்றே ‘எக்மேன்’ ஆனேன். எடை போடும் நிலையத்துக்கு இவர்கள் பாஷையில் கோழிக்கூடு என்று பெயர் என்பதை அந்தக் கிழவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. முதல் நிலையத்தை நெருங்கும்போது, “கோழிக்கூடு திறந்திருக்கா?” என்று மைக்கில் கேட்டேன். யார் பேசுவது என்றது ஒரு குரல். சொன்னேன். ஐந்து மைல் சுற்றளவில் கொக்கரிக்காத டிரைவர் பாக்கியில்லை.