செல்வது எப்படி?

ஊர் சுற்றவும் வேண்டும், அதற்கு யாராவது காசும் தர வேண்டும். இப்படி ஆசைப்படுகிறவனுக்குப் பயண எழுத்தாளர் என்று பெயர். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விடாமல், லீவு நாட்களில் மட்டும் அந்தப் பதவிக்கு முயன்றேன். முதலில் தொப்பி வாங்கினேன். அப்புறம் தோள்பை, தவணையில் ஒரு கேமரா, விசிட்டிங் கார்டு. கார்டில் 'பயண எழுத்தாளர்' என்று அச்சாகிவிட்டது. வேறு எதுவும் அச்சாகவில்லை.

முதல் கட்டுரை தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620ல் கட்டிய கோட்டை, 1706ல் கப்பலில் வந்து இறங்கிய பாதிரியார் சீகன்பால்கு, 1715ல் அங்கே அச்சாகி வந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு என்று விஷயத்துக்குப் பஞ்சமில்லாத ஊர். நானோ கோட்டைச் சுவரில் சாய்ந்து கடலைப் பார்த்தபோது என் மனசுக்குள் என்னென்ன நடந்தது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். சீகன்பால்குவுக்கு ஒரே வரி.

பத்திரிகையிலிருந்து போன் வந்தது. "சார், நல்லா ஃபீல் பண்ணியிருக்கீங்க. மயிலாடுதுறையிலிருந்து எப்படிப் போறது? கோட்டை எத்தனை மணிக்குத் திறக்குது?"

நான் போனது மைத்துனர் காரில், பின் சீட்டில் தூங்கியபடி. அதைச் சொல்ல முடியுமா? வீட்டில் கிடந்த பழைய வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டி, மயிலாடுதுறையிலிருந்து ரயில் உண்டு என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே அடுத்த போன். "சார், அந்த ரயிலை 1986லயே நிறுத்திட்டாங்களே!" கட்டுரையும் அந்த ரயில் போன வழியிலேயே போனது.

அடுத்தது குறிஞ்சி. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, 2018ல் மூணாறு மலையில். இந்தத் தடவை ஜாக்கிரதையாக பஸ்ஸில் போனேன், டிக்கெட்டைக்கூடப் பத்திரப்படுத்தினேன். ஆனால் ஆகஸ்ட் வெள்ளமெல்லாம் வடிந்து நான் மலையேறியதே செப்டம்பர் கடைசியில். எழுதி, அடித்து, திருத்தி அனுப்புவதற்குள் அக்டோபரும் பாதி போய்விட்டது. சீசன் கட்டுரை என்றால் சீசனுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். படிக்கிறவர் லீவு சொல்லி, டிக்கெட் எடுத்துக் கிளம்ப வேண்டாமா? அது எனக்கு உறைக்கவில்லை. "ரொம்ப நல்லா வந்திருக்கு சார்" என்றார் உதவி ஆசிரியர். "2030க்கு வெச்சுக்கலாமா?" கிண்டல் இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். நானும் சரி என்றேன்.

வீட்டார் பட்ட பாடு தனி. கும்பகோணத்தில் டிகிரி காபி வந்தால் நான் சொல்லும்வரை யாரும் டபராவைத் தொடக் கூடாது. வெளிச்சம் பார்த்து, கோணம் பார்த்து, டம்ளரை ஜன்னலோரம் நகர்த்திப் படம் எடுப்பதற்குள் காபியில் ஆடை கட்டிவிடும். "ஏங்க, காபி படிக்கிறவங்களுக்கா, குடிக்கிறவங்களுக்கா?" என்றாள் மனைவி. அத்தனை பாடுபட்டு எடுத்த படங்களை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி வைத்தேன். சுருங்கிப் போய்ச் சேர்ந்ததால் அச்சுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆறுதலுக்காக ஏ.கே. செட்டியாரைப் படித்தேன். ஆறுதல் கிடைக்கவில்லை. காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக நாடு நாடாக அலைந்து, படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து 1940ல் வெளியிட்டவர். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று பேர் வாங்கியவர். அவ்வளவு சுற்றியவரை அவருடைய கட்டுரைகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஊரும் ஜனங்களும் முன்னால் நிற்கிறார்கள். அவர் எங்கோ ஓரமாக. சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யிலும் ஆறுதான் பெரிசு. என் கட்டுரைகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லா ஊரிலும் ஊரை மறைத்துக்கொண்டு நானே நின்றிருந்தேன். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில்கூட என் தோளுக்குப் பின்னால்தான் கொஞ்சம் தெரிந்தது.

அப்புறம் ஒரு நோட்டு வாங்கினேன். டீக்கடையிலும் கண்டக்டரிடமும் கேட்டுக் கேட்டு எழுதினேன். கடைசி பஸ் எத்தனை மணிக்கு? நடை எப்போது சாத்துவார்கள்? மியூசியத்துக்கு என்றைக்கு லீவு? கேட்டால் ஜனங்கள் பேசுகிறார்கள். பஸ் நேரத்தில் ஆரம்பிக்கிற பேச்சு, கோயில் தேர் ஏன் ஓடவில்லை என்பதில் போய் நிற்கிறது. மைத்துனர் காரின் பின் சீட்டில் இதெல்லாம் ஏறாது.

கடைசியில் நானும் அச்சில் வந்தேன். வேறொருவர் எழுதிய கட்டுரைக்கு அடியில், 'செல்வது எப்படி?' என்று ஒரு பெட்டிச் செய்தி. பஸ் நேரம், தங்குமிடம், நடை திறக்கும் நேரம் எல்லாம் என் நோட்டிலிருந்து போனவை. சன்மானம் நான் போய்வந்த பஸ் செலவுக்கே காணாது. இருந்தாலும் பத்திரிகையைக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க பேரையே காணோமே?" என்றாள். பெட்டிச் செய்திக்கெல்லாம் பேர் போட மாட்டார்கள் என்று விளக்கினேன். எழுத்தில் ஆளே தெரியக் கூடாது என்ற அந்த ஒரு விஷயத்தில் மட்டும் செட்டியாரை எட்டிப் பிடித்துவிட்டேன்.