கேள்வி-பதில்: கம்பெனி பஸ்ஸில் ஏறாதவர்கள்

கேள்வி: ஆம்பூரில் ஷிப்ட் முடியும் நேரம் ஷூ கம்பெனி வாசலில் நின்று, பெண்களின் படிப்பையும் சம்பளத்தையும் கேட்டு எழுதினோம். பத்தாவது படித்தவருக்கும் ஐந்தாவதோடு நின்றவருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. படிப்பு வீண்தானா?
— கல்லூரி மாணவி, திருப்பத்தூர்

பதில்: அன்று வாசலுக்கே வராதவர்களைக் கேட்டீர்களா?

ஐந்தாவது படித்த பெண்ணுக்குக் குறைந்த சம்பளம்தான் என்றால், பிள்ளையை விட்டுவிட்டு கம்பெனி பஸ் ஏறுவது கட்டுப்படியாகாது. அதையும் மீறி வருகிறவர் ஷூவின் மேல்பகுதியான அப்பர் தையலில் கை வேகம் உள்ளவராக இருக்க வாய்ப்பு அதிகம். பத்தாவது படித்தவருக்குச் சம்பளம் முதலிலேயே கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்குமானால், கை மந்தமானவரும் பஸ் ஏறிவிடுவார். இந்த இருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் படிப்பின் பலன் சுருங்கித்தான் தெரியும். பொருளாதார நிபுணர் ஜேம்ஸ் ஹெக்மேன் 1974-ல் அமெரிக்காவின் மணமான பெண்களின் கூலியை ஆராய்ந்தபோது எதிர்கொண்டது இதே சிக்கலைத்தான். 1979-ல் அதற்கு மருந்தும் எழுதிக் கொடுத்தார். 2000-ல் நோபல் பரிசு வந்தது. டேனியல் மெக்ஃபேடனுக்கும் அதில் பங்கு.

கேள்வி: இன்னும் ஐயாயிரம் பேரைக் கேட்டால் சரியாகிவிடாதா?
— அவருடைய தோழி

பதில்: அதே வாசலிலா? எத்தனை பேரைக் கேட்டாலும் வாசலுக்கு வராதவர் கணக்கில் வரமாட்டார். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டுச் சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். 1938-ல் பத்திரிகையே நின்றுபோனது.

கேள்வி: ஹெக்மேன் மருந்தை எப்படிச் சாப்பிடுவது?
— ஆசிரியர், வாணியம்பாடி

பதில்: இரண்டு வேளை. முதலில், வேலைக்குப் போகாதவர் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். 2017 முதல் நடக்கும் மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு வீடுகளுக்கே போவதால் அந்தத் தகவல் கிடைக்கிறது. வயது, படிப்பு, கைக்குழந்தை உண்டா என்பதையெல்லாம் வைத்து, ஒருவர் வேலைக்குப் போகும் வாய்ப்பை ‘ப்ரோபிட்’ என்ற புள்ளியியல் முறையில் கணிக்க வேண்டும். அதிலிருந்து ‘தலைகீழ் மில்ஸ் விகிதம்’ என்று ஓர் எண் பிறக்கும். வர வாய்ப்பே குறைவாக இருந்தும் வந்தவருக்கு அது பெரிதாக இருக்கும். அடுத்த வேளை, அதையும் ஒரு மாறியாகச் சம்பள ரெக்ரெஷனில் சேர்க்க வேண்டும். படிப்பின் கணக்கில் ஒளிந்திருந்த கை வேகம் அப்போது பிரிந்து நிற்கும்.

பத்தியமும் உண்டு. வேலைக்குப் போவதைத் தீர்மானிக்கிற, ஆனால் சம்பளத்தைத் தொடாத காரணம் ஒன்றாவது தேவை. பாடநூல்காரர்கள் கைக்குழந்தையைக் காட்டுவார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓவர்டைமை விட்டு ஓடும் தாயை அவர்கள் பார்த்ததில்லை போலும்.

கேள்வி: டேனரியில் முப்பது வருடம் உழைத்தவர் கல்லு மாதிரி இருக்கிறாரே. தூசியும் ரசாயனமும் ஒன்றும் செய்யாதா?
— வாசகர், பேரணாம்பட்டு

பதில்: மூச்சிரைத்தவர் எப்போதோ கணக்கை முடித்துக்கொண்டு போயிருப்பார். தொழில்நோய் ஆய்வாளர்கள் இதை ‘ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு’ என்கிறார்கள். இன்றைய வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு முப்பது வருடத்துக்கு முந்தையதைத் திறந்து, பெயர் பெயராகத் தேடிப் போக வேண்டும். ஊர் மாறியவர், இறந்தவர், ஆட்டோ ஓட்டப் போனவர் எல்லாரும் கணக்கில் வர வேண்டும்.