எண்காலியின் செருப்புக் கணக்கு

சென்ற பௌர்ணமியன்று, அருணாசலேசுவரர் ஆலயத்து ராஜகோபுரத்துக்கு அருகே, செருப்புகளைக் காவலில் ஒப்புவித்து டோக்கன் வாங்கும் வரிசையில் நெடுநேரம் நிற்க நேர்ந்தபோது, இதுகாறும் எந்தப் பண்டிதரும் தொடாத ஒரு வினா அடியேன் சித்தத்தில் உதித்தது: எண்காலி என்னும் கடற்பிராணி கிரிவலம் வருமாயின், இந்தக் கொட்டகையில் எத்தனை ஜோடி செருப்புகளை விட்டுச் செல்லும்? கடற்கரை இவ்வூருக்குச் சாலைவழி நூறு கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருப்பதால் இவ்விசாரம் அவசியமற்றது என்பார் உளர். ஆராய்ச்சிக்கும் அவசியத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதை அவர்கள்தாம் முதலில் விளக்க வேண்டும்.

கால்கள் எட்டு, ஆகவே ஜோடிகள் நான்கு என்பது பூர்வபட்சம். பெயரை மட்டும் நம்பிக் கணக்குப் போடுவோரின் வாதம் இது. மன்னார் வளைகுடாவின் மீனவர்கள் இதனைப் பேய்க்கணவாய் என்றே வழங்குகின்றனர். அப்பெயரில் காலைப் பற்றிய பேச்சே இல்லை. பேய்க்குக் கால் இல்லை என்னும் உலகவழக்கையும் சேர்த்துப் பார்த்தால் விடை பூஜ்யமாகிவிடும். உயிர்நூலாரோ, உறுப்புகள் தலையினின்றும் நேரே கிளைத்து, உடல் ஒரு பையாகப் பின்னால் தொங்குவது கண்டு, கணவாய் முதலான இவ்வினம் முழுவதையும் தலைக்காலிகள் என்று வகுத்துள்ளனர். அடியைத் தேடித் திருமால் வராகமாய் அகழ்ந்தும், முடியைத் தேடிப் பிரமன் அன்னமாய்ப் பறந்தும் களைத்த இத்தலத்தில், அடியும் முடியும் ஒட்டியே பிறந்த ஒரு ஜீவனைப் பற்றி ஆராயாவிட்டால் வேறு எங்கேதான் ஆராய்வது?

தலைக்காலி என்று பெயரிட்ட அதே நூலார், விவரிக்கப் புகுந்ததும், அவை எட்டும் கால்களல்ல, கைகள் என்று சாதிக்கிறார்கள். கைக்குச் செருப்பு ஏது? மேலும், சாதாரண எண்காலியின் ஒவ்வொரு கையிலும் இரு வரிசையாக அமைந்த இருநூறுக்கு மேற்பட்ட உறிஞ்சு கிண்ணங்கள், தொட்ட பொருளைப் பற்றுவதோடு நில்லாமல் அதன் ருசியையும் அறியவல்லவை. பதினான்கு கிலோமீட்டர் வீதியில் சிந்திய சுண்டலையும், கற்பூரச் சாம்பலையும், முந்தின யாத்திரிகர் காலடிப் புழுதியையும் நடந்தபடியே நாவால் அறிவதற்கு ஒப்பான இப்பாக்கியம் நமக்கு வாய்க்கவில்லை. வாய்க்காததே நல்லது என்பது என் அபிப்பிராயம். அதன் நரம்பணுக்கள் ஏறத்தாழ ஐம்பது கோடி. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, கைகளில் இருக்கின்றன. தலையைக் கேளாமலே கை சில காரியங்களை முடித்துக்கொள்ளும். ஆகவே டோக்கன் தொலைந்தால் எந்தக் கையைக் குற்றம் சொல்வது என்பது தனியே ஒரு வழக்காகும்.

ஆனால் கிரிவலத்துக்குத் தகுதி என்ற அளவில் எண்காலியை மிஞ்ச மனிதனால் இயலாது. அதற்கு இதயங்கள் மூன்று. இரண்டு செவுள்களுக்கும், ஒன்று உடலுக்கும் குருதி செலுத்துகின்றன. அக்குருதி, செம்பு கலந்த புரதத்தால் நீலநிறம் பூண்டது. (நீலகண்டனுக்கே கழுத்தளவுதான் நீலம்.) விரைந்து நீந்தத் தொடங்கினால் உடலுக்கு உழைக்கும் இதயம் நின்றுவிடும், அதனாலேயே அது பெரும்பாலும் தவழ்ந்து செல்வதை விரும்புகிறது. ஆட்டோவில் ஏறி அஷ்டலிங்கங்களையும் அரைமணியில் கும்பிட்டுத் திரும்புவோர் இந்த இதயத்தைச் சற்றே சிந்திப்பாராக.

கணக்குக்கு முடிவு காணும் சான்று இந்தோனேசியக் கடலிலிருந்து வருகிறது. அங்குள்ள ஓர் இனம், எறியப்பட்ட கொட்டாங்கச்சிகளைச் சேற்றினின்றும் அகழ்ந்தெடுத்து, கழுவி, உடலின் கீழ் இடுக்கிக்கொண்டு, கைகளைப் பொய்க்கால்போல் விறைப்பாக ஊன்றி நடந்து, ஆபத்துக் காலத்தில் இரு பாதிகளையும் பொருத்தி உள்ளே ஒடுங்கிக்கொள்வதை ஆஸ்திரேலிய அறிஞர்கள் 2009இல் வெளியிட்டார்கள். கிரிவலப் பாதையில் திருவோட்டுடன் உலவும் சாதுக்களுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை, சாதுவால் ஓட்டுக்குள் புக முடியாது என்பது ஒன்றே. இந்தக் குடியிருப்பு ஆசையே எண்காலிக் குலத்துக்குக் கேடாகவும் முடிகிறது: சென்னை ராஜதானியின் மீன்துறைக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் ஹார்னெல், பாக் நீரிணைப் பக்கத்து மீனவர்கள் வெற்றுச் சங்கோடுகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலில் இட்டு, வாடகையற்ற வீடு கிடைத்ததென்று குடிபுகுந்த எண்காலிகளை வீட்டோடு தூக்கிவிடும் உபாயத்தை எழுதிவைத்திருக்கிறார். பௌர்ணமியன்று இவ்வூரில் விடுதி அறை தேடி அலைந்தவர்கள் அப்பிராணியை ஏளனம் செய்யமாட்டார்கள்.

நிற்க. இதே கொட்டாங்கச்சி எண்காலி, ஆறு கைகளை உடலைச் சுற்றி மடக்கி, உருளும் தேங்காய்போல் வேஷங்கட்டி, பின்னிரு கைகளால் மட்டும் அடியெடுத்து வைத்து நழுவுவதை 2005இல் அறிஞர்கள் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். நடப்பன இரண்டே. எனவே செருப்பு ஒரு ஜோடி என்பது சித்தாந்தம். எஞ்சிய சங்கடம், கணப்பொழுதில் நிறமும் உருவமும் மாற்றவல்ல அப்பிராணி, போனபோது பாறையாகவும் வந்தபோது பாசியாகவும் தோன்றினால் உரியவர் இன்னாரென அடையாளம் காண்பது எங்ஙனம் என்பதே. அருணகிரிநாதர் கிளியுருவில் திரும்பிய ஊரில் இது புதிய சங்கடமும் அன்று.

இவ்வளவையும் நிரல்படத் தொகுத்து, கொட்டகையில் செருப்பு வாங்கி வைக்கும் அம்மாளிடம் விண்ணப்பித்துக்கொண்டேன். கையிலிருந்த கோணிப்பையை உதறியபடியே அவர் கேட்டார்.

"எத்தினி ஜோடியா இருந்தா இன்னா சாமி? ஒரு பையில போட்டா ஒரு டோக்கன்தான். கொஞ்சம் நவுந்து நில்லு, பின்னால ஜனம் நிக்குது."