கைகாட்டி

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையோரம் காலை பத்து மணிக்கு நின்றால் அவரைப் பார்க்கலாம். ஒரு கையில் மஞ்சள் பை. இன்னொரு கை, உள்ளங்கை விரிய, செங்கல்பட்டுப் பக்கமிருந்து வரும் மொத்தப் போக்குவரத்துக்கும் எதிராக நீண்டிருக்கும். முகம் மட்டும் எதிர்ப்பக்கத்துக் கடையைப் பார்த்தபடி இருக்கும். "வண்டியைப் பார்த்துட்டா அவன் நிக்க மாட்டான் சார். பார்க்காத மாதிரி போகணும். அப்பத்தான் பயப்படுவான்."

நடைமேம்பாலத்துக்கு முட்டி ஒத்துக்கொள்ளாது. (அதே முட்டி சென்டர் மீடியனை எப்படித் தாண்டுகிறது என்று கேட்கக் கூடாது.) நடைபாதையில் போகலாமே என்றால், அங்கே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அடுத்து இளநீர் வண்டி, அப்புறம் வரிசையாக பைக்குகள். இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி. ஜீப்ரா கோட்டில் ஆள் கடந்தால் வண்டி நின்று வழிவிட வேண்டும் என்று 2017இல் மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது. கோடு அழிந்துபோன இடத்தில் விதி எதன்மேல் நிற்கும்?

அந்தக் கைக்கு ஒரு காலத்தில் மரியாதை இருந்தது. லாரிக்காரர் திட்டிக்கொண்டாவது பிரேக் போட்டார். இப்போது வருகிற பையனின் கண் போனில், மேப்பில். பிரியாணி ஆறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். இன்னொருவன் ராங் சைடில் வருகிறான்; அந்தத் திசைக்குக் காட்ட மூன்றாவது கை இல்லை. மின்சார ஸ்கூட்டரோ சத்தம் காட்டாமல் முதுகுப் பக்கம் வந்து நிற்கிறது.

"யோவ் பெருசு, வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

"சொல்லிட்டுத்தான்டா வந்தேன். காப்பிப்பொடி வாங்கப் போறேன்னு!"

நாடு முழுக்கச் சாலை விபத்தில் செத்த பாதசாரிகள் 2014இல் 12,330 பேர், 2022இல் 32,825 பேர் என்று பேப்பரைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கை காட்டத் தெரியாதவங்க. இந்தக் காலத்துல யாரு சொல்லித் தர்றாங்க?"

மகனைப் பார்க்க சிங்கப்பூர் போனபோதுதான் மனிதர் ஆடிப்போனார். ஜீப்ரா கோட்டருகே கையைத் தூக்குவதற்குள் ஒரு கார் நின்றுவிட்டது. வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்து, அது கிளம்பட்டும் என்று காத்திருந்தார். அது கிளம்பவில்லை. இவரும் நகரவில்லை. பின்னால் நாலு கார் சேர்ந்துவிட்டது. கடைசியில், நின்றுகொண்டிருந்த காரைக் கைகாட்டி நிறுத்திவிட்டுத்தான் கடந்தார்.